ரெண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ், ஒரு ஷேர் ஆட்டோ

(எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் வயித்தைக் கலக்குற விஷயம். நிஜமாவே வயித்தைப் பத்தினதுதான். சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க, தட்டைக் காலி பண்ணிட்டு வாங்க. நான் எங்கயும் போகல.

போன வாரம் நம்ம லிசனர் ஒருத்தர் கேட்டிருந்தாங்க: "செல் சவ்வு, ஆஸ்மோசிஸ், ஆக்டிவ் ட்ரான்ஸ்போர்ட், இதெல்லாம் பன்னிரண்டாவதுல மனப்பாடம் பண்ணினேன். வாழ்க்கையில ஒரு நாளாவது உபயோகப்பட்டுச்சா?" நல்ல கேள்வி. எனக்கு ஒரு நாள் உபயோகப்பட்டிருக்க வேண்டியது. நான்தான் உபயோகப்படுத்தல. அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பத்து மார்க் கேள்வி

2018 ஏப்ரல். இடம் பொத்தேரி. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், தாம்பரத்துல செங்கல்பட்டு லோக்கல் ஏறினா, கூடுவாஞ்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தா ஜி.எஸ்.டி ரோடு, சுத்தியும் ஸ்டூடண்ட்ஸ், சாப்பாட்டுக் கடை, ஜெராக்ஸ் கடை. அங்க நாங்க நாலு பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். நான் பயோடெக்னாலஜி மூணாவது வருஷம். என் ரூம்மேட் மெக்கானிக்கல்.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அவனுக்கு ஆரம்பிச்சுது. வயித்தால போகுது, நடுவுல வாந்தி. என்ன சாப்பிட்டது ஒத்துக்கலன்னு கடைசி வரைக்கும் தெரியல. காலையில பார்த்தா ஆளு பாதியா ஆயிட்டான். மத்த ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருந்தாங்க. நான்தான் இருந்தேன். எனக்கு ஒண்ணு தெரியும்: ஓ.ஆர்.எஸ் குடுக்கணும். ஓடிப் போய்ப் பக்கத்துக் கடையில கேட்டேன். ஃப்ரிட்ஜ்லிருந்து அழகான ஒரு பெட்டியை எடுத்துக் குடுத்தாங்க. ஸ்ட்ரா ஒட்டின பெட்டி, மேல பழத்தோட படம், பேர்ல அந்த மூணு எழுத்தும் பெருசா இருந்துச்சு. ஆறு வாங்கினேன்.

மத்தியானத்துக்குள்ள ஆறையும் குடிக்க வெச்சுட்டேன். "மச்சான், குடிடா, சரியாயிடும்"னு நான் சொல்லச் சொல்ல அவனும் குடிச்சான். குடிச்சாலும் நிக்கல. இன்னும் அதிகமாத்தான் ஆச்சு. சாயங்காலம் கால் ரெண்டும் பிடிச்சு இழுக்குதுன்னு கத்தினான். காலையிலிருந்து ஒண்ணுக்குப் போகலன்னு அப்பதான் சொன்னான். கேட்ட கேள்விக்கு வேற ஏதோ பதில் வந்துச்சு. எனக்குக் கை கால் நடுங்கிடுச்சு. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டு ஓடினேன்.

எமர்ஜென்சியில இருந்த டூட்டி டாக்டர் மேடம் கேட்டாங்க, "என்ன குடிச்சாரு?" நான் பெருமையா, "ஓ.ஆர்.எஸ் தான் மேடம், ஆறு பெட்டி"ன்னு சொல்லி, பையில இருந்த காலிப் பெட்டியைக் காட்டினேன். அவங்க அதைத் திருப்பி, பின்னாடி பொடி எழுத்துல இருந்ததைப் படிக்கச் சொன்னாங்க. 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை. சோடியம், தேவையானதுல பாதி கூட இல்ல. "தம்பி, இது ஜூஸ்"னாங்க.

இதுல எனக்கு இன்னைக்கும் உறுத்துறது எதுன்னா, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் நான் பரீட்சையில குடல் செல்லோட படம் வரைஞ்சு, சோடியமும் குளுக்கோஸும் எப்படிச் சேர்ந்து உள்ளே போகுதுன்னு அம்புக்குறி போட்டுப் பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கியிருந்தேன்.

சுவர், கதவு, சம்ப் மோட்டார்

சரி, அந்தப் படத்தை இப்ப உங்களுக்கு வார்த்தையில வரைஞ்சு காட்டுறேன்.

நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் ஒரு சவ்வு இருக்கு. ரெண்டு வரிசைக் கொழுப்பு மூலக்கூறுகள், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டரை லட்சமாப் பிரிச்சா ஒரு துண்டு 10 நானோமீட்டர். சவ்வு அதைவிட மெல்லிசு. ஆனா கெட்டிக்காரச் சுவர். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு மாதிரி சின்ன வாயுக்கள் அதுக்குள்ள சும்மா நுழைஞ்சு போயிடும். காலையில பொத்தேரி ஸ்டேஷன்ல ட்ரெயின் நின்னதும் நெரிசலான பெட்டியிலிருந்து காலியா இருக்கிற பிளாட்ஃபார்முக்குக் கூட்டம் தானா பரவுது இல்லையா, அந்த மாதிரி. யாரும் தள்ள வேண்டாம். நெரிசல் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போறது. இதுதான் பரவல், டிஃப்யூஷன்.

ஆனா உப்பும் சர்க்கரையும் அப்படிப் போக முடியாது. சோடியம் மின்னூட்டம் உள்ள அயனி, குளுக்கோஸ் தண்ணியோட ஒட்டிக்கிற பெரிய மூலக்கூறு. கொழுப்புச் சுவர் ரெண்டையும் விடாது. அதுக்குச் சுவர்ல கதவு வேணும். அந்தக் கதவுகள் எல்லாம் புரதங்கள்.

தண்ணி கதை வேற. தண்ணியை எந்த செல்லும் நேரடியா பம்ப் பண்ணி இழுக்குறதில்ல. கரைஞ்ச பொருள் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணி தானா போகும். இதுதான் ஆஸ்மோசிஸ். ஊறுகாய்க்கு மாங்காயை வெட்டி உப்புப் போட்டு வெச்சா, கொஞ்ச நேரத்துல தண்ணி விட்டு நிக்குது பாருங்க, அதே சங்கதி. அதனால தண்ணியை நகர்த்தணும்னா, உப்பையோ சர்க்கரையையோ முதல்ல நகர்த்தணும். தண்ணி பின்னாடியே வரும். இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, இன்னைக்கு எபிசோடே இதுமேலதான் நிக்குது.

இன்னொரு ஆளையும் அறிமுகப்படுத்தணும். சோடியம் பொட்டாசியம் பம்ப். 1957ல டென்மார்க்ல ஜென்ஸ் ஸ்கௌ கண்டுபிடிச்சார், 1997ல வேதியியல் நோபல் வாங்கினார். இது நம்ம வீட்டு சம்ப் மோட்டார் மாதிரி, செல்லோட கரண்ட்ல, அதாவது ஏ.டி.பி.யில ஓடுது. ஒரு தடவைக்கு மூணு சோடியத்தை வெளியே தள்ளி, ரெண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். இப்படித் தள்ளிக்கிட்டே இருக்கிறதால செல்லுக்குள்ள சோடியம் எப்பவும் கம்மி. வெளிய இருக்கிற சோடியத்துக்கு உள்ளே வரணும்னு ஒரு தவிப்பு எப்பவும் இருந்துக்கிட்டே இருக்கும்.

மூணு சீட்டும் நிரம்பினாத்தான் வண்டி எடுப்பாரு

இப்ப நம்ம சிறுகுடலுக்குள்ள வாங்க. நாம குடிக்கிற தண்ணி, எச்சில், இரைப்பை நீர், பித்த நீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 8, 9 லிட்டர் திரவம் குடலுக்குள்ள வருது. வெளியே போறது 100லிருந்து 200 மில்லிதான். மிச்சம் அத்தனையும் குடல் திரும்ப உறிஞ்சிக்குது.

அந்த உறிஞ்சுற வேலைக்குக் குடல் செல்லோட சுவர்ல ஒரு விசேஷக் கதவு இருக்கு. பேரு எஸ்.ஜி.எல்.டி 1. இதைப் புரிஞ்சுக்க ஜி.எஸ்.டி ரோட்டுல நிக்கிற ஷேர் ஆட்டோவை நினைச்சுக்கோங்க. ஆள் நிரம்பாம அண்ணன் வண்டியை எடுக்கவே மாட்டாரு இல்லையா? இந்த ஆட்டோவுல மூணு சீட்டு. ரெண்டு சீட் சோடியத்துக்கு, ஒரு சீட் குளுக்கோஸுக்கு. மூணும் நிரம்பினாத்தான் வண்டி உள்ளே கிளம்பும். சோடியம் மட்டும் வந்தாலும் கிளம்பாது, குளுக்கோஸ் மட்டும் வந்தாலும் கிளம்பாது.

வண்டிக்குப் பெட்ரோல் எது? சோடியத்தோட அந்தத் தவிப்புதான். பின்பக்கம் சம்ப் மோட்டார் சோடியத்தை இறைச்சுக்கிட்டே இருக்கு, முன்பக்கம் புதுசா சோடியம் ஓடி வருது, வரும்போது குளுக்கோஸையும் கூட்டிக்கிட்டு வருது. ரெண்டும் உள்ளே போனதும் தண்ணி பின்னாடியே போகும். இப்படி ஒரு ஜோடிப் பயணம் நடக்குதுன்னு முதல்ல சொன்னவர் ராபர்ட் கிரேன்ங்கிற அமெரிக்க உயிர்வேதியியலாளர். 1960 ஆகஸ்ட்ல, ப்ராக் நகரத்துல நடந்த ஒரு கூட்டத்துல சொன்னார்.

இப்ப வியாதிக்கு வருவோம். காலராவை எடுத்துக்கலாம், ஏன்னா இதுல நடக்குறது ரொம்பத் தெளிவா தெரியும். காலராக் கிருமி குடல் சுவரைக் கிழிக்கிறதில்ல. அது ஒரு நச்சை விடுது. அந்த நச்சு இருக்கிறதை 1959ல கல்கத்தாவுல நிரூபிச்சவர் சம்பு நாத் டே. அந்த நச்சு என்ன பண்ணும்னா, செல்லோட குளோரைடு வெளியே போற கதவைத் திறந்து, அப்படியே மாட்டி வெச்சிடும். குளோரைடு கொட்டுது, சோடியம் கூடவே போகுது, தண்ணி பின்னாடியே போகுது. சில மணி நேரத்துல லிட்டர் லிட்டரா. உப்பு சாதாரணமா உள்ளே வர்ற வழியையும் அது அடைச்சிடும். அதனாலதான் வெறும் உப்புத் தண்ணி குடுத்தா பிரயோஜனம் இல்ல.

ஆனா அந்த நச்சு கை வைக்காத ஒரு கதவு இருக்கு. நம்ம ஷேர் ஆட்டோ. ஊரே பந்த் நடக்கும்போதும் அது ஓடிக்கிட்டிருக்கும். உப்பையும் குளுக்கோஸையும் சரியான அளவுல சேர்த்துக் குடுத்தா, ஒரு பக்கம் போய்க்கிட்டே இருந்தாலும் இன்னொரு பக்கம் உடம்பு தண்ணியை உள்ளே எடுத்துக்கும். காலரா இல்லாத மத்த வயிற்றுப்போக்குலயும் பெரும்பாலும் இந்தக் கதவு வேலை செய்யும். ஓ.ஆர்.எஸ் வயிற்றுப்போக்கை நிறுத்துற மருந்து இல்ல. போற தண்ணியை ஈடு கட்டுற வழி. மனுஷன் சாகுறது தண்ணி போறதாலதான், அதனால அந்த ஈடு கட்டுறதே உயிரைக் காப்பாத்துது.

பாங்காவ், 1971

தத்துவம் சரி, இதை நம்பி யாராவது உயிரைப் பணயம் வெச்சாங்களா? வெச்சாங்க.

1968ல டாக்காவுல டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ்னு ரெண்டு இளம் டாக்டர்கள், வாய் வழியா இந்தக் கரைசலைக் குடுத்தா காலரா நோயாளிக்கு நரம்பு வழி சலைன் தேவை பெரிய அளவுல குறையுதுன்னு காட்டினாங்க. ஆனா அது ஆஸ்பத்திரிக்குள்ள, நர்ஸ் எல்லாம் பக்கத்துல இருந்து, அளந்து பார்த்துப் பண்ணினது.

1971ல வங்கதேசப் போர். சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள்ள வந்தாங்க. எல்லையில பாங்காவ்னு ஒரு ஊர். அங்க காலரா. ஆஸ்பத்திரியில ரெண்டே ரூம், தரையெல்லாம் நோயாளிங்க. கல்கத்தாவிலிருந்து போன டாக்டர் திலீப் மஹலநபிஸ்கிட்ட இருந்த சலைன் பாட்டில்கள் தீர்ந்துக்கிட்டே வந்துச்சு. அவர் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூணரை கிராம் சாதா உப்பு, ரெண்டரை கிராம் சமையல் சோடா. பொட்டலம் போட்டு அனுப்பி, அங்க பெரிய டிரம்ல கரைச்சு வெச்சாங்க. அம்மா, அப்பா, அண்ணன், தங்கச்சி, யார் கூட வந்தாங்களோ அவங்களே டம்ளர்ல பிடிச்சுப் பிடிச்சுக் குடுத்தாங்க. டாக்டரும் ஊசியும் இல்லாம காலராவுக்கு வைத்தியம் பார்க்கிறது அன்னைக்கு மருத்துவ உலகம் ஒத்துக்காத விஷயம்.

3,000 பேருக்கு மேல குடுத்தாங்க. அந்த முகாம்ல 30 சதவீதத்துக்குப் பக்கத்துல இருந்த இறப்பு விகிதம், 3.6 சதவீதமா இறங்கிச்சு. 1978ல லான்செட் இதழ், இது இந்த நூற்றாண்டோட மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமா இருக்கக்கூடும்னு தலையங்கம் எழுதுச்சு. மஹலநபிஸ் 2022 அக்டோபர்ல காலமானார். அடுத்த வருஷம்தான் பத்ம விபூஷண் அறிவிச்சாங்க.

நம்ம ஊர்ல: வேலூரும் கஞ்சியும்

நம்ம தமிழ்நாட்டுக்கும் இதுல பங்கு இருக்கு. வேலூர் சி.எம்.சி.யில பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவர் குழுவும் ஒரு கேள்வி கேட்டாங்க: சிறுகுடலைப் பத்தியே பேசுறோமே, பெருங்குடலையும் வேலை வாங்கினா என்ன? 48 காலரா நோயாளிகளை மூணு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான ஓ.ஆர்.எஸ். இன்னொண்ணுக்கு அதுல அரிசி மாவு கலந்தது. மூணாவதுக்கு, சீக்கிரம் செரிக்காத ஒரு வகை மக்காச்சோள மாவுச்சத்து கலந்தது. அந்த மாவுச்சத்து சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்குப் போகும். அங்க இருக்கிற பாக்டீரியா அதை நொதிக்க வெச்சுச் சின்னக் கொழுப்பு அமிலங்களா மாத்தும். அந்த அமிலங்கள் உள்ளே போகும்போது சோடியத்தை இழுத்துக்கிட்டுப் போகும். தண்ணி? ஆமா, பின்னாடியே. மூணாவது குழுவுக்கு வயிற்றுப்போக்கோட அளவும் குறைஞ்சுது, நாளும் குறைஞ்சுது. 2000ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க ஆச்சி ஞாபகம். வயித்தால போச்சுன்னா நொய்யரிசிக் கஞ்சியில உப்புப் போட்டு, நீர்க்க கரைச்சுக் குடுப்பாங்க. அரிசி மாவுச்சத்து குடல்ல உடைஞ்சு குளுக்கோஸாகும், உப்புல சோடியம் இருக்கு. ஆச்சிக்கு எஸ்.ஜி.எல்.டி தெரியாது, ஆனா ஆட்டோவுக்கு வேண்டிய பாசஞ்சர் ரெண்டு பேரும் அந்த டம்ளர்ல இருந்தாங்க. அதே சமயம், "போகும்போது தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்"னு சொல்ற பெரியவங்களும் நம்ம வீடுகள்ல இருக்காங்க. அது தப்பு. போகும்போதுதான் குடுக்கணும்.

பெட்டிக்கு வருவோம்

இப்ப என் ஆறு பெட்டிகளுக்குத் திரும்பலாம். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு, 2002லிருந்து நடைமுறையில இருக்கிறது: ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9. இதுல சோடியமும் குளுக்கோஸும் எண்ணிக்கையில சரிசமம். மொத்தக் கரைசலும் நம்ம ரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்தது. அதனால தண்ணி குடல்லிருந்து உடம்புக்குள்ள சுலபமா போகும்.

நான் குடுத்தது என்ன? 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை. ஓ.ஆர்.எஸ்ல இருக்கிறது 1.35 கிராம். எட்டு மடங்கு. ஒரு கோலாவுல இருக்கிற சர்க்கரையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சோடியம் ரொம்பக் கம்மி, அதனால ஆட்டோவுக்கு ஆள் சேரல. மிச்ச சர்க்கரை எல்லாம் குடலுக்குள்ளேயே நின்னு, உடம்புல இருக்கிற தண்ணியைத் தன் பக்கம் இழுத்துச்சு. ஊறுகாய் ஜாடி ஞாபகம் இருக்கா? அதான். தண்ணி பின்னாடியே வரும்னு சொன்னேனே, இங்க அது தப்பான திசையில வந்துச்சு. நான் குடுக்கக் குடுக்க அவனுக்கு அதிகமானதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அவனுக்கு சலைன் ஏத்தினாங்க, மறுநாள் எழுந்து உக்கார்ந்தான், நிஜமான ஓ.ஆர்.எஸ் குடிச்சான், மூணாவது நாள் வீட்டுக்கு வந்துட்டோம். அவன் என்னைத் திட்டல. நான்தான் ரொம்ப நாள் அதைப் பத்திப் பேசாம இருந்தேன்.

ஹைதராபாத்ல சிவரஞ்சனி சந்தோஷ்னு ஒரு குழந்தை நல டாக்டர், இந்த மாதிரிப் பெட்டிகளை எதிர்த்துப் பல வருஷமா போராடினாங்க. 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, எந்த உணவுப் பொருளோட பேர்லயும் ஓ.ஆர்.எஸ்ங்கிற வார்த்தை வரக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. முன்னாடியோ பின்னாடியோ வேற எழுத்து சேர்த்தாலும் கூடாது. நல்ல விஷயம். ஆனா பேர் மாறினாலும் அதே பெட்டி, அதே பழப் படம், அதே ஃப்ரிட்ஜ்ல வேற பேர்ல இருக்கலாம். அதனால நாமதான் திருப்பிப் பார்க்கணும்.

சரி, என்ன பண்ணலாம்

சுருக்கமா சொல்லிடுறேன்.

மெடிக்கல் ஷாப்ல ஓ.ஆர்.எஸ் பவுடர் பாக்கெட்னு கேளுங்க. பாக்கெட்ல உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலான்னு இருக்கான்னு பாருங்க. நான் மேல சொன்ன நாலு பொருளும் அந்த அளவுல இருக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே குடுப்பாங்க.

பாக்கெட்ல எவ்வளவு தண்ணின்னு போட்டிருக்கோ அதே அளவு தண்ணி. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைக்கிறது ரொம்பப் பேர் பண்ற தப்பு. அது ஊறுகாய் ஜாடியைவிட மோசம். கொதிக்க வெச்சு ஆறின தண்ணியோ, நல்ல கேன் தண்ணியோ எடுத்துக்கோங்க. கரைச்சதை 24 மணி நேரத்துக்குள்ள முடிச்சிடணும். வாந்தி வந்தா பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக் குடுங்க.

பாக்கெட் கிடைக்கலன்னா, ஒரு லிட்டர் தண்ணிக்குத் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டின அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிடக் கூடாது, குறிப்பா குழந்தைகளுக்கு. ருசி பார்த்தா கண்ணீரைவிட உப்பா இருக்கக் கூடாது.

ஒண்ணுக்கு வரல, கண்ணு குழி விழுந்துடுச்சு, மயக்கமா இருக்காங்க, மலத்துல ரத்தம், எதைக் குடிச்சாலும் நிக்கல, இதுல எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. 108க்கு போன் பண்ணுங்க. நான் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்த மாதிரி காத்திருக்காதீங்க.

என் ரூம்மேட் இப்ப ஓசூர்ல வேலை பார்க்கிறான். இந்த எபிசோட் பண்ணப் போறேன்னு சொன்னப்போ, "பேர் மட்டும் சொல்லிடாதடா"ன்னான். சொல்லல பாருங்க. நீங்க ஹாஸ்டல்லயோ ரூம்லயோ தங்கியிருந்தீங்கன்னா, நாளைக்கு மெடிக்கல் ஷாப் பக்கம் போகும்போது ரெண்டு பாக்கெட் வாங்கி அலமாரியில போட்டு வைங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் கடை திறந்திருக்காது.

அடுத்த வாரம் பார்க்கலாம்.